ஜால்முரிக்காரர் கடையைக் கட்டினால் நீங்களும் கிளம்புங்கள்

என் தங்கை மகனுக்குக் கொல்கத்தாவில் வேலை கிடைத்திருக்கிறது. சால்ட் லேக் செக்டார் ஃபைவில் ஆபீஸ். போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். "மாமா, டெர்பிக்கு டிக்கெட் கிடைச்சிருக்கு. ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான். போகலாமா? கலாட்டா ஏதாவது ஆகுமா?"

டெர்பி என்றால் ஒரே ஊரின் இரண்டு பரம வைரிக் கால்பந்து கிளப்புகள் மோதுகிற ஆட்டம். போகலாம், கொல்கத்தாவில் இருந்துகொண்டு டெர்பி பார்க்காமல் வருவதுதான் தப்பு என்றேன். கலாட்டா விஷயத்தைப் பேச ஆரம்பித்து ஒரு மணி நேரம் போய்விட்டது. "இதை எழுதிக் குடுங்க மாமா, எனக்கு ஞாபகம் இருக்காது" என்றான். அதனால் இது அவனுக்கு எழுதியது. கிரிக்கெட்டோ கால்பந்தோ, பெரிய மேட்ச் பார்க்கப் போகிற யாருக்கும் உதவும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? நான் கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் வளர்ந்த தமிழன். 1996 மார்ச் 13 அன்று ஈடன் கார்டன்ஸில் இந்தியா, இலங்கை உலகக் கோப்பை அரையிறுதி நடந்தபோது ஹைகோர்ட் எண்ட் பக்கம் கேலரியில் உட்கார்ந்திருந்தேன். அன்று மைதானத்துக்குள் பறந்த பாட்டில்களில் ஒன்று என்னுடையது. சரியாகச் சொன்னால் என் தங்கையுடையது. அவள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற நீல நிற பாட்டில், சிவப்பு மூடி. அம்மா அதில் தண்ணீர் ஊற்றி, தயிர்சாத டப்பாவோடு கொடுத்து அனுப்பியிருந்தாள். அப்போதெல்லாம் உள்ளே கொண்டுபோக விடுவார்கள்.

அன்று நடந்ததை முதலில் சொல்கிறேன். அதிலேயே பாதிப் பாடம் இருக்கிறது.

நான்கு நாள் முன்னால்தான் பெங்களூரில் பாகிஸ்தானைக் கால் இறுதியில் தோற்கடித்திருந்தோம். ஊரே கோப்பை வந்துவிட்டது என்ற மிதப்பில் இருந்தது. அசாருதீன் டாஸ் ஜெயித்து பீல்டிங் எடுத்தார். ஸ்ரீநாத்தின் முதல் ஓவரிலேயே கலுவிதாரணாவும் ஜெயசூர்யாவும் அவுட். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் கத்தினால் எப்படி இருக்கும் என்பதைக் காது சொல்வதற்கு முன் விலா எலும்பு சொல்லும். அப்புறம் அரவிந்த டி சில்வா வந்து 47 பந்தில் 66 அடித்தார், மகாநாமா 58 அடித்தார், 251 ஆயிற்று. அதற்கும் யாரும் கவலைப்படவில்லை. டெண்டுல்கர் ஆடிக்கொண்டிருந்தவரை நாங்கள் பாட்டுத்தான் பாடிக்கொண்டிருந்தோம். 98 ரன், ஒரு விக்கெட்.

டெண்டுல்கர் 65-இல் ஸ்டம்பிங் ஆனார். அடுத்து அசார் பூஜ்யம். மஞ்ச்ரேகர் போல்டு. அஜய் ஜடேஜா பூஜ்யம். பந்து பயங்கரமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. 98-க்கு 1 என்று இருந்தது 120-க்கு 8 ஆயிற்று. 22 ரன்னுக்கு ஏழு விக்கெட். எட்டாவது விக்கெட் முரளிதரனுக்கு. அதற்குள் தண்ணீர் பாட்டிலும் பழமும் பறக்க ஆரம்பித்துவிட்டன. மேட்ச் ரெஃப்ரி கிளைவ் லாயிட் ஆட்டக்காரர்களை உள்ளே கூட்டிப் போனார். கால் மணி நேரம் கழித்துத் திரும்ப வந்தார்கள். மறுபடியும் பாட்டில். கேலரியில் பேப்பரைக் கொளுத்தினார்கள், தீ இருக்கைகளுக்குப் பிடித்தது. லாயிட் ஆட்டத்தை இலங்கைக்குக் கொடுத்துவிட்டார். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியே நடந்ததை நாடே டிவியில் பார்த்தது. நான் நேரில் பார்த்தேன், அந்தப் பக்கம் புகையாக இருந்ததால் அழுதது தெரியவில்லை.

இப்போது என் பாட்டில். முதலில் வீசியவன் நான் இல்லை. எங்கள் வரிசைக்கு நாலு வரிசை கீழே ஒரு பையன் ஆரஞ்சுப் பழத்தை வீசினான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்புறம் இரண்டு பேர். அப்புறம் பத்துப் பேர். எனக்கு முன்னால் முப்பது பேராவது வீசியிருப்பார்கள். கை எப்போது மேலே போனது என்று எனக்குத் தெரியாது. கோபம் வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. அதுதான் இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. யார் தலையிலாவது விழுந்திருந்தால்?

பல வருடம் கழித்து, மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1978-இல் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அவர் கேட்டது எளிமையான கேள்வி: எத்தனை பேர் செய்தபிறகு நீ செய்வாய்? ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் இருக்கிறது. யாரும் ஆரம்பிக்காமலே கல்லெறிகிறவனுக்கு எண் பூஜ்யம். ஒருவன் எறிந்தால் நானும் எறிவேன் என்பவனுக்கு ஒன்று. இப்படி பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று 99 வரை வரிசையாக நூறு பேர் ஒரு தெருவில் நின்றால், நூறு பேரும் கலவரக்காரர்கள் ஆகிவிடுவார்கள். அந்த ஒன்றாம் நம்பர் ஆளை மட்டும் எடுத்துவிட்டு அவன் இடத்தில் இன்னொரு இரண்டாம் நம்பர் ஆளை நிறுத்திப் பாருங்கள். பூஜ்யம் ஒரு கல்லை எறிவான், மற்ற 99 பேரும் முறைப்பார்கள், அதோடு முடிந்தது. கூட்டத்தில் ஓர் ஆள்தான் வித்தியாசம்.

என் எண் ஏறத்தாழ முப்பது. அது எனக்கு இருபது வயதில் தெரிந்துவிட்டது. இதைப் படிக்கிற உங்களுக்கு உங்கள் எண் தெரியாது. நூறுக்கு மேல் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், நானும் நினைத்தேன்.

தோல்விதான் காரணமா

அன்று வீட்டுக்கு நடந்தபோது, இவ்வளவு சீக்கிரம் சரிந்ததால்தான் பற்றிக்கொண்டது என்று முடிவு கட்டினேன். மெதுவாகத் தோற்கிற ஆட்டத்தில் கூட்டம் தானாகக் கரையும், பஸ் பிடிக்க ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள். சட்டென்று தோற்றால் எல்லோரும் இருக்கையிலேயே இருப்பார்கள், கோபமும் அங்கேயே இருக்கும். இது பாதி உண்மைதான் என்று மூன்று வருடம் கழித்துத் தெரிந்தது.

1999 ஜனவரியில் நான் வேலைக்காகச் சென்னைக்கு வந்துவிட்டேன். 31-ஆம் தேதி சேப்பாக்கத்தில் இருந்தேன். பாகிஸ்தான் டெஸ்ட். 271 ரன் இலக்கு. டெண்டுல்கர் முதுகுவலியோடு 136 அடித்து 254-இல் அவுட். மிச்சம் மூன்று விக்கெட்டும் நாலே ரன்னில் போயின. 12 ரன்னில் தோல்வி. இதைவிடச் சடாரென்று ஒரு ஆட்டம் கைவிட்டுப் போக முடியுமா? நான் ஈடன் அனுபவசாலி இல்லையா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். சில நொடி மயான அமைதி. அப்புறம் எங்கோ ஒரு கைதட்டல். அப்புறம் பத்து. அப்புறம் மைதானம் முழுக்க எழுந்து நின்று தட்டியது. வாசிம் அக்ரம் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்.

கைதட்டலுக்கும் அதே எண் கணக்குத்தான்.

மூன்றே வாரத்தில், பிப்ரவரி 19 அன்று, அதே பாகிஸ்தான், அதே டெண்டுல்கர், என் பழைய ஈடன். ரன் ஓடும்போது ஷோயப் அக்தர் மேல் மோதி டெண்டுல்கர் ரன் அவுட். பாட்டில் மழை. டெண்டுல்கரும் கிரிக்கெட் நிர்வாகி ஜக்மோகன் டால்மியாவும் மைதானத்தைச் சுற்றி வந்து கெஞ்சினார்கள், ஆட்டம் தொடர்ந்தது. மறுநாள் மறுபடி தீ. போலீஸ் கூட்டம் முழுவதையும் வெளியேற்றியது. காலி ஸ்டேடியத்தில் பாகிஸ்தான் 46 ரன்னில் ஜெயித்தது.

சென்னை நண்பர்கள் இதைச் சொல்லி என்னிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. சேப்பாக்கத்தில் குற்றம் சொல்ல ஆள் இல்லை. டெண்டுல்கர் தன்னால் ஆனதைச் செய்தார், சக்லைன் நன்றாகப் போட்டார், அவ்வளவுதான். ஈடனில் ஆள் இருந்தது. 1996-இல் பீல்டிங் எடுத்த கேப்டனும் அந்தப் பிட்சும், 1999-இல் குறுக்கே நின்ற பந்துவீச்சாளரும் அவுட் கொடுத்த அம்பயரும். தோற்றவன் அழுவான். ஏமாற்றப்பட்டோம் என்று நினைப்பவன்தான் கல்லைத் தேடுவான். 2025 டிசம்பர் 13 அன்று சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஆட்டமே இல்லை, தோல்வியும் இல்லை. மெஸ்ஸியைப் பார்க்க ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வந்தவர்களுக்கு, அவரைச் சூழ்ந்து நின்ற பிரமுகர்களின் முதுகுதான் தெரிந்தது. அவர் சீக்கிரமே கிளம்பியும் போய்விட்டார். நாற்காலிகள் பறந்தன.

ஜெயித்த ஊரும் எரியும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வட அமெரிக்காவில் அப்படித்தான் அதிகம்: 1984-இல் டெட்ராய்ட், 1993-இல் மான்ட்ரியல், 2018-இல் பிலடெல்பியா, எல்லாம் கோப்பை வாங்கிய ஊர்கள். பிலடெல்பியாவில் விளக்குக் கம்பத்தில் ரசிகர்கள் ஏறக்கூடாது என்று போலீஸே கம்பத்துக்கு வழவழப்பான எண்ணெய்ப் பசையைத் தடவியது. நம்மூர் வழுக்கு மரத்துக்குத் தடவுகிற மாதிரி. நம் ஆட்கள் வழுக்கு மரத்தில் ஏறாமலா இருக்கிறார்கள்? அவர்களும் ஏறினார்கள். 2025 மே 31 அன்று பாரிஸ் அணி ஐந்து கோல் போட்டு ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை ஜெயித்தது. அந்த இரவில் பிரான்சில் இரண்டு பேர் செத்தார்கள், ஐந்நூறு பேருக்கு மேல் கைது. ஜெயித்த கூட்டத்துக்குக் கோபம் கிடையாது, ஆனால் இன்றைக்கு எதைச் செய்தாலும் செல்லும் என்ற நினைப்பு இருக்கிறது. உங்கள் அணி ஜெயித்தால் நீங்கள் பத்திரம் என்று கணக்குப் போடாதீர்கள்.

பழைய கதை வேண்டுமென்றால், கி.பி. 59-இல் பொம்பேயில் வாள்வீரர் ஆட்டம் பார்க்க வந்த இரண்டு ஊர்க்காரர்கள் அடித்துக்கொண்டு செத்து, ரோம் அந்த ஊருக்குப் பத்து வருடம் ஆட்டத்தைத் தடை செய்தது. அங்கே பிளாஸ்டிக் பாட்டில் இல்லை, கல் இருந்தது.

டிக்கெட் வாங்கும்போதே

விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வரிசையின் நடுவில் இருக்கிற சீட்டைவிட நடைபாதை ஓரச் சீட்டு எவ்வளவோ மேல். ஈடனில் என் சீட்டு வரிசையின் நடுவே இருந்தது. கிளம்ப நினைத்தாலும் இருபது முழங்காலைத் தாண்ட வேண்டும். தாண்டத் தயங்கித்தான் அங்கேயே உட்கார்ந்தேன், உட்கார்ந்ததால்தான் அப்புறம் நடந்ததெல்லாம்.

டெர்பிக்கு முக்கியமான விஷயம், எந்தப் பக்கத்து கேட். இரண்டு கட்சிக்கும் தனித்தனிப் பக்கம் இருக்கும். டிக்கெட்டில் போட்டிருக்கிற கேட் எண்ணை நம்புங்கள், நண்பன் கூப்பிடுகிறான் என்று மாறிப் போகாதீர்கள். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடனில் இதே இரண்டு கிளப்புக்கும் ஆட்டம். களத்தில் இரண்டு பேர் முட்டிக்கொண்டதில் தொடங்கி, கேலரியில் அடிதடியாகி, நெரிசலில் 16 பேர் செத்தார்கள். பாதிப்பேர் அடிபட்டுச் சாகவில்லை, ஓடப்போய் மிதிபட்டார்கள் என்று எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த நாளில் கொல்கத்தாவில் இன்றும் ரத்ததான முகாம் நடக்கிறது.

சட்டை விஷயம்: சிவப்பு-தங்கம் ஈஸ்ட் பெங்கால், பச்சை-அரக்கு மோகன் பகான். இரண்டும் வேண்டாம், சாதாரண வெள்ளையோ சாம்பலோ போடு என்றேன் மருமகனிடம். "அப்புறம் என்ன டெர்பி மாமா?" என்றான். நியாயம். சரி, அணியின் சட்டையைப் போட்டுக்கொள், மேலே போட ஒரு சாதாரண சட்டையைப் பையில் வைத்துக்கொள். திரும்பி வரும்போது போட்டுக்கொண்டால் போதும்.

செருப்பு கூடாது, ஷூ. லேஸை இரட்டை முடிச்சாகப் போட வேண்டும். கூட்டத்தில் செருப்பு கழன்றால் குனியத் தோன்றும், குனிந்தவன் எழுந்திருக்க மாட்டான். நண்பர்களோடு போனால் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிவையுங்கள். கேட் வாசலில் என்று சொல்லாதீர்கள், அங்கேதான் எல்லோரும் இருப்பார்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடை, ஒரு கோயில், ஏதோ ஒன்று. அறுபதாயிரம் பேர் ஒரே இடத்தில் இருக்கும்போது போன் வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் முதல் வேலை, நீங்கள் வந்த வழி தவிர இன்னொரு வழி எங்கே இருக்கிறது என்று நடந்துபோய்ப் பார்ப்பது. டீ வாங்குகிற சாக்கில் போகலாம். ஷட்டர் திறந்திருக்கிறதா, பூட்டு தொங்குகிறதா? இதைச் சும்மா சொல்லவில்லை. 1964-இல் லிமாவில் பெரு, அர்ஜென்டினா ஆட்டத்தில் ஒரு கோல் செல்லாது என்று அறிவித்ததில் ரகளை, போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, கூட்டம் படிக்கட்டில் இறங்கி ஓடினால் கீழே இரும்பு ஷட்டர் மூடியிருந்தது. 328 பேர். 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் ஸ்டேடியத்தில் கிட்டத்தட்ட அதே கதை: உள்ளூர் அணி தோற்றது, சிலர் களத்தில் இறங்கினார்கள், போலீஸ் கேலரிக்குள்ளேயே கண்ணீர்ப்புகை அடித்தது, வெளியேறும் வழி குறுகல். 135 பேர். ரசிகன் ரசிகனை அடித்துச் சாவது குறைவு. மூடிய கதவுதான் கொத்துக் கொத்தாகக் கொல்கிறது.

எப்போது எழுந்திருப்பது

என் அனுபவத்தில் கலவரம் திடீரென்று வருவதில்லை. பத்து நிமிடமாவது கிடைக்கும், சில நேரம் அரை மணி. அந்த நேரத்தில் களத்தைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

முதல் அடையாளம் பாட்டு நிற்பது. சத்தம் அதிகமாவது ஆபத்து என்று நினைப்போம். எல்லோரும் சேர்ந்து ஒரே பாட்டைப் பாடுகிறவரை கூட்டம் ஆட்டத்தோடு இருக்கிறது. அது நின்று, அங்கங்கே தனித்தனியாகக் கூச்சல் கேட்க ஆரம்பித்தால் கவனியுங்கள். அடுத்தது தலைகள் திரும்புவது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஜனங்கள் களத்தைவிட்டுப் பக்கத்து கேலரியையோ போலீஸையோ பார்த்துக்கொண்டிருந்தால், அவர்களுக்கு ஆட்டம் முடிந்துவிட்டது, வேறு ஒன்று ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் ஜால்முரிக்காரர். மசாலாப் பொரி விற்பவர். ஈடனில் அவர் கழுத்தில் தகர டப்பா வரிசையை மாட்டிக்கொண்டு படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார், கடைசி ஓவர் வரை வியாபாரம் செய்கிற ஆள். 1996-இல் ஜடேஜா அவுட் ஆனபோதே அவர் டப்பாக்களை மூடித் துணியால் கட்டினார். நான் காசு நீட்டினேன், "இல்ல தாதா (அண்ணா), போதும்" என்று வங்காளத்தில் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். இருபது வருடம் கூட்டத்தில் பிழைத்த மனிதருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. வெளியே தெருவிலும் இதே கணக்குத்தான். கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கினால் நீங்கள் ஏற்கெனவே தாமதம்.

எல்லாவற்றையும்விட நம்பகமானது முதல் வீச்சுக்குப் பிறகு வரும் மூன்று வினாடி. யாரோ ஒருவன் எதையோ வீசுவான், பெரிய ஆட்டத்தில் அது நடக்கும். வீசியவனைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர்களைப் பாருங்கள். "டேய், உட்காருடா" என்று யாராவது அதட்டினால் நீங்களும் உட்கார்ந்து ஆட்டத்தைப் பாருங்கள். சிரித்தால் எழுந்திருங்கள். ஒன்றாம் நம்பர் ஆளும் இரண்டாம் நம்பர் ஆளும் அந்தச் சிரிப்புக்காகத்தான் காத்திருக்கிறார்கள். உங்களுக்குத் தைரியம் இருந்தால் அந்த அதட்டலை நீங்களே போடலாம். வயதானவர்கள், பெண்கள் போட்டால் இன்னும் நன்றாக எடுபடுகிறது. முப்பது பேர் வீசியபிறகு அதட்டிப் பயன் இல்லை.

போலீஸ் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றால் என்ன செய்வது? சண்டைக்கு நிற்கிற நாலு பேரையும் வேடிக்கை பார்க்கிற நாலாயிரம் பேரையும் சேர்த்து அடித்தால், நாலாயிரம் பேரும் அந்த நாலு பேர் பக்கம் சேர்ந்துவிடுவார்கள். கிளிஃபர்ட் ஸ்டாட், ஸ்டீபன் ரைஷர் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் கால்பந்து ரசிகர்களோடு சுற்றி இதை எழுதியிருக்கிறார்கள். 2004-இல் போர்ச்சுகலில் நடந்த ஐரோப்பியக் கோப்பையில், கவசம் போட்ட படையை ஒதுக்கி நிறுத்திவிட்டு, சாதாரண உடுப்பில் போலீஸ் ரசிகர்களோடு பேசிக்கொண்டு நின்றது, அந்த இடங்களில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. "நாம்", "அவர்கள்" என்ற கோடு நகரக்கூடியது. டெர்பி ஊரிலேயே சாட்சி இருக்கிறது: ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் நடந்த பெண் மருத்துவர் கொலைக்கு நியாயம் கேட்டு ஊர் கொதித்துக்கொண்டிருந்தபோது, 2024 ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த டெர்பியை ரத்து செய்தார்கள். ஈஸ்ட் பெங்கால்காரர்களும் மோகன் பகான்காரர்களும் சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு வெளியே சேர்ந்து நின்று கோஷம் போட்டார்கள், தடியடியையும் சேர்ந்தே வாங்கினார்கள். நூறு வருடப் பகை ஒரு சாயங்காலத்தில் தோள்மேல் கைபோட்டது.

உங்களுக்கான பாடம் சின்னது. ஹெல்மெட் வரிசைக்கும் கோஷக் கூட்டத்துக்கும் நடுவில் நிற்காதீர்கள். கையில் எதுவும் இல்லாமல், கை வெளியே தெரிய, ஒரு காவலரிடம் "எந்த ரோடு திறந்திருக்கு?" என்று கேளுங்கள். வாதம் செய்ய வேண்டாம், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும்.

கிளம்புவது

ஒன்று, எல்லோருக்கும் முன்னால் போங்கள். இல்லை, எல்லோரும் போனபிறகு போங்கள். நடுவில் மட்டும் வேண்டாம்.

உங்கள் பகுதியில் தீயோ புகையோ இல்லை, அடிதடி தூரத்தில் இருக்கிறது என்றால் உட்கார்ந்தே இருப்பது தப்பில்லை. எல்லோரும் ஓடுகிறார்கள் என்று ஓடுவதுதான் தப்பு. ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேர் நெருங்கிவிட்டால் உங்கள் கால் உங்கள் பேச்சைக் கேட்காது, கூட்டம் தண்ணீர் மாதிரி உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். அப்படி மாட்டிக்கொண்டால் இரண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் குத்துச்சண்டைக்காரன் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நெரிசலில் பெரும்பாலும் நின்றபடியே மூச்சு முட்டித்தான் சாகிறார்கள், விலா விரிய இடம் வேண்டும். எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலை வரும்போது அதோடு போய், அது ஓய்கிற இடைவெளியில் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். சுவரையோ கம்பி வேலியையோ ஒட்டி நிற்காதீர்கள். போன் விழுந்தால் விழட்டும். குழந்தை இருந்தால் தூக்கிக்கொள்ளுங்கள். கீழே விழுந்து எழ முடியாவிட்டால் பக்கவாட்டில் சுருண்டு தலையைக் கையால் மூடிக்கொள்ளுங்கள்.

2025 ஜூன் 4 அன்று பெங்களூரில் 11 பேர் செத்தது ஐபிஎல் கோப்பை ஜெயித்த கொண்டாட்டத்துக்கு உள்ளே போகும் வாசலில். கிளம்பும்போது சொன்னதெல்லாம் உள்ளே போகும்போதும் பொருந்தும். இலவச அனுமதி, கேட் திறக்கப் போகிறது என்று கூட்டம் முண்டினால் திரும்பி வீட்டுக்குப் போய் டிவியில் பாருங்கள். வெட்கமே வேண்டாம்.

கண்ணீர்ப்புகை வந்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வருகிற திசையைப் பார்த்து நடந்து விலகுங்கள். அது காற்றைவிடக் கனமானது, பள்ளத்திலும் படிக்கட்டின் அடியிலும் தங்கும். கண்ணைத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். லென்ஸ் போடுகிறவர்கள் மேட்சுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு போவது நல்லது.

வெளியே வந்தபிறகு நிற்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் படித்த பிள்ளைகள் தவறுகிற இடம் இது. 2011 ஜூன் 15 அன்று வான்கூவரில் ஐஸ் ஹாக்கி இறுதி ஆட்டம். உள்ளூர் அணி பாஸ்டனிடம் நாலுக்கு பூஜ்யம் என்று தோற்றது. பெரிய திரையில் பார்க்க நகர மையத்தில் ஒன்றரை லட்சம் பேர் கூடியிருந்தார்கள். காரைக் கவிழ்த்துக் கொளுத்தியவர்கள் கொஞ்சம் பேர், சுற்றி நின்று போன் பிடித்தவர்கள் ஆயிரக்கணக்கில். அந்த ஆயிரக்கணக்கானவர்களால் போலீஸ் உள்ளே போக முடியவில்லை, கொளுத்தியவர்களுக்கோ பார்வையாளர்கள் கிடைத்தார்கள். அப்புறம் அதே போன் படங்களை வைத்து ஒவ்வொருவராகப் பிடித்து முந்நூறு பேர் மேல் வழக்குப் போட்டார்கள். பாதிப்பேர் வாழ்க்கையில் முதல்முறை போலீஸ் ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். மறுநாள் காலை ஊர் ஜனங்கள் துடைப்பத்தோடு வந்து கூட்டிப் பெருக்கினார்கள். வீடியோ எடுக்கிறவன் வேடிக்கைதானே பார்க்கிறான் என்று நினைக்காதீர்கள். அவனும் எண்ணிக்கையில் சேர்த்திதான். முப்பதாம் நம்பர் ஆளுக்கு அவன் இருபத்தொன்பதாவது ஆள் மாதிரித்தான் தெரிவான்.

சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு இப்போது மெட்ரோ இருக்கிறது. கூட்டமாக இருந்தால் அந்த ஸ்டேஷனுக்குப் போகாமல் அடுத்த ஸ்டேஷன் வரை நடக்கச் சொல்லியிருக்கிறேன். 1996-இல் நான் சௌரிங்கி வழியாக லேக் மார்க்கெட் வரை ஆறு கிலோமீட்டர் நடந்தேன். பாதி வழியில்தான் பசி தெரிந்தது. தயிர்சாதத்தைத் திறக்கவே இல்லை.

எண்ணை உயர்த்துவது

வெறும் வயிறு எண்ணைக் குறைக்கும். வெயிலும் குறைக்கும். குடித்திருந்தால் பாதியாகிவிடும். முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டாலும், தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லை என்றாலும் அப்படித்தான். எனக்கு அன்று இவற்றில் மூன்று இருந்தன: பகல் ஒரு மணியிலிருந்து வெயில், சாப்பாடு இல்லை, கூட வந்த நண்பன் வேறு பிளாக்கில்.

அதனால் நன்றாகச் சாப்பிடுங்கள். ஆட்டத்துக்கு முன்னால் பாத்ரூம் போய்விடுங்கள், சிரிக்காதீர்கள், மூன்று மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? உங்களுக்குக் கொஞ்சம் பயமோ மரியாதையோ உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த வருடத்திலிருந்து நான் அப்பாவோடுதான் ஈடனுக்குப் போனேன். அவர் வாயே திறக்க மாட்டார், வெற்றிலை போட்டுக்கொண்டு ஸ்கோர் எழுதிக்கொண்டிருப்பார். அவர் பக்கத்தில் என் எண் ஆயிரம்.

இவ்வளவும் எழுதி மருமகனுக்கு அனுப்பினேன். டிக்கெட்டின் படத்தைப் பதிலுக்கு அனுப்பினான். நல்லவேளை, ஓரச் சீட்டு. கூடவே ஆபீஸில் மூத்தவர் ஒருவர் வருகிறாராம், மோகன் பகான் குடும்பம், டெர்பி ஜெயித்தால் இறால், தோற்றால் பட்டினி என்கிற வகை. அவரைப் பார்த்து இவனுக்குப் பயமா, இவனைப் பார்த்து அவருக்கா என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

பதில் அவன் அம்மாவிடமிருந்து வந்தது. எல்லாவற்றையும் படித்துவிட்டுத் தங்கை ஒரே வரி அனுப்பியிருந்தாள்: "தண்ணி பாட்டில உள்ள விடமாட்டாங்களாமே, நல்லதா போச்சு. என்னோடது என்னாச்சுன்னு இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் சொல்ற. மழையில பஸ்ல விட்டுட்டேன்னுதானே அன்னைக்கு அம்மாகிட்ட சொன்ன?"